நேர்காணலும் ஒரு சாட்சியமே



மதரஸா ஆசிரியர்களிடம் மக்கள் கொண்டுவரும் கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. தொழுகை, நோன்பு, ஜகாத், தலாக், பாகப்பிரிவினை ஆகியவை என்றும் இருப்பவை. அண்மைக் காலமாக அவற்றோடு ஒரு புதிய கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "ஹஜ்ரத், மகன் ஒரு பெரிய கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறான். ஐந்து ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். அவனுக்கு மூன்றுதான் ஆகிறது. மீதி இரண்டு ஆண்டுக்குச் சான்றிதழ் எழுதித் தர ஓர் இடம் இருக்கிறதாம். கூடுமா?"

கேட்பவர்கள் தீயவர்கள் அல்லர். ஐந்து வேளையும் தொழுபவர்கள். பிள்ளையின் படிப்புக்காக நகையை விற்றவர்கள். வட்டிக்கு வாங்கக் கூடாது என்று வீட்டுமனையையே கைவிட்டவர்களும் அவர்களில் உண்டு. வட்டி என்றால் அஞ்சி ஒதுங்கும் அதே குடும்பம், அனுபவச் சான்றிதழில் இரண்டு ஆண்டைக் கூட்டிப் போடுவதை ஒரு சிறிய அலுவலகச் சடங்காகக் கருதுகிறது. இந்த முரண்பாட்டைப் பற்றித்தான் இக்கட்டுரை.

"கூடாது" என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால், "ஹஜ்ரத்துக்கு உலகம் தெரியாது" என்று சொல்லிவிட்டு அந்தச் சான்றிதழை வாங்கப் போய்விடுவார்கள். ஆகவே அந்த நேர்காணல் எப்படி நடக்கிறது, அங்கே என்ன கேட்கிறார்கள், நம் மார்க்கம் அதைப் பற்றி என்ன கற்றுத் தருகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

அங்கே என்ன நடக்கிறது?

என்னிடம் ஓதிய மாணவர்களில் சிலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் பணியாற்றுகிறார்கள். பெரிய நிறுவனங்களின் திட்ட மேலாளர் பணிக்கு நேர்காணலுக்குச் சென்று வந்தவர்களிடம் நான் விவரம் கேட்பதுண்டு. அவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே விதமாகவே இருக்கிறது. முதலில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு தொலைபேசி உரையாடல். அடுத்து, எந்த மேலாளரின் கீழ் வேலை செய்ய வேண்டுமோ அவருடன் ஒரு சந்திப்பு. அதன்பின் நான்கைந்து பேர், ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்குச் சற்றேறக்குறைய ஒரு மணி நேரம்.

அங்கே கேட்கப்படும் கேள்விகள் பாடப்புத்தகத்திலிருந்து வருபவை அல்ல. "நீங்கள் நடத்திய ஒரு வேலை குறித்த நாளில் முடியாமல் போன சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள். அப்போது என்ன செய்தீர்கள்?" "உங்கள் மேலதிகாரி சொன்னது தவறு என்று தெரிந்தபோது எப்படி நடந்துகொண்டீர்கள்?" "உங்கள் கீழ் வேலை செய்யாத ஒருவரிடமிருந்து எவ்வாறு வேலை வாங்கினீர்கள்?" "நீங்கள் தோற்ற ஒரு முயற்சியைக் கூறுங்கள்." விடையை நான்கு பகுதிகளாகச் சொல்லும்படி எதிர்பார்க்கிறார்கள்: சூழல் என்ன, உமது பொறுப்பு என்ன, நீர் செய்தது என்ன, விளைவு என்ன.

அமேசான் நிறுவனம் தன்னுடைய 16 தலைமைத்துவக் கோட்பாடுகளை இணையத்தில் வெளிப்படையாகவே வெளியிட்டுள்ளது. 14ஆக இருந்தவற்றோடு 2021ஆம் ஆண்டில் இரண்டைச் சேர்த்தார்கள். நேர்காணல் கேள்விகள் அவற்றை ஒட்டியே அமைகின்றன. ஆள் தேவைப்படும் குழுவுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரும் நேர்காணல் செய்வோரில் இடம்பெறுவார். ஆள் எடுக்கும் அவசரத்தில் தரம் குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு.

இவ்வளவு ஏற்பாடும் எதற்காக? வந்திருப்பவர் தம்மைப் பற்றிச் சொல்வது உண்மையா, அதன் அளவு எவ்வளவு என்று அறிந்துகொள்வதற்காக. வேறொரு விதமாகச் சொன்னால், அங்கே ஒரு சாட்சி விசாரிக்கப்படுகிறார். சாட்சியும் அவரே, அவர் சாட்சி சொல்வதும் தம்மைப் பற்றியே.

தகுதியைச் சொல்வது பெருமையாகாது

நம் பிள்ளைகளில் இரண்டு வகையினர் இந்த நேர்காணல்களில் இடறுகிறார்கள். ஒரு சாரார் இல்லாததைச் சொல்கிறார்கள். மற்றொரு சாரார் இருப்பதைச் சொல்லத் தயங்குகிறார்கள். இரண்டாவது வகையினரை முதலில் பார்ப்போம். ஏனெனில் அவர்களுடைய தயக்கத்துக்கு மார்க்கத்தையே காரணமாகச் சொல்கிறார்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் பதினொரு ஆண்டுகள் பணியாற்றியவர். திறமைசாலி. ஒரு பெரிய நிறுவனத்தின் நேர்காணலில் எல்லாக் கேள்விக்கும் "நாங்கள் செய்தோம்", "குழுவினர் முடித்தார்கள்" என்றே பதில் சொல்லியிருக்கிறார். தேர்வாகவில்லை. அவருடைய பங்கு எது என்று விளங்கவில்லை என்பது மட்டும் பின்னர் அவருக்குச் சொல்லப்பட்டது. "நான் நான் என்று சொல்வது பெருமையாகிவிடாதா?" என்று என்னிடம் கேட்டார்.

ஹதீஸ் கலையை ஓதியவருக்கு இந்தக் கேள்விக்கான விடை கைவசமே இருக்கிறது. ஓர் அறிவிப்பாளர் தம் ஆசிரியரிடம் தனியாகக் கேட்ட செய்தியை "ஹத்தஸனீ", அதாவது எனக்கு அறிவித்தார் என்று சொல்வார். பலரோடு சேர்ந்து அமர்ந்து கேட்டதை "ஹத்தஸனா", எங்களுக்கு அறிவித்தார் என்று சொல்வார். "எனக்கு" என்று சொன்னவரை எந்த இமாமும் பெருமைக்காரர் என்று குறை கூறியதில்லை. நடந்தது எப்படியோ அப்படியே சொல்வதில் அவர்கள் காட்டிய பேணுதல் அது. நேர்காணலில் "நான்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "நான்" என்பதும், "நாங்கள்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "நாங்கள்" என்பதும் அதே பேணுதல்தான். கால அட்டவணையை நீர் வகுத்தீர் என்றால் "நான் வகுத்தேன்" என்று சொல்லும். குழு உழைத்து முடித்தது என்றால் "குழு முடித்தது" என்று சொல்லும். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரே நம்பத் தகுந்தவர்.

நபி யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறு இதற்கு மிகத் தெளிவான முன்மாதிரி. எகிப்தின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக நியமிக்கும்படி மன்னரிடம் அவர்களே கேட்டார்கள். தாம் பாதுகாக்கக் கூடியவர் என்றும் அறிந்தவர் என்றும் தம் இரு தகுதிகளையும் வாய்விட்டே சொன்னார்கள் (அல்குர்ஆன் 12:55). பதவியைக் கேட்டுப் பெறாதீர் என்று அப்துர் ரஹ்மான் பின் ஸமுரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுரை கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. இவ்விரண்டையும் தஃப்ஸீர் அறிஞர்கள் இணைத்தே விளக்கியுள்ளனர். ஆசையால் அதிகாரத்தைத் தேடுவது வேறு. மக்களுக்குத் தேவையிருந்து, அதற்கான தகுதி தம்மிடம் இருப்பதை உறுதியாக அறிந்தவர் அதை எடுத்துச் சொல்வது வேறு. விண்ணப்பம் கோரி விளம்பரம் செய்த நிறுவனத்திடம், கேட்ட கேள்விக்குத் தம் தகுதியை உள்ளபடி சொல்வது பெருமையில் சேராது.

யூஸுஃப் (அலை) அவர்கள் வகுத்த திட்டமும் கவனிக்கத் தக்கது. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பயிரிடுவது. உண்பதற்குத் தேவையான சிறிதளவைத் தவிர, அறுவடை செய்ததைக் கதிரோடு விட்டுவைப்பது. அடுத்து வரும் ஏழு கடும் ஆண்டுகளில் அதைக் கொண்டு வாழ்வது. விதைக்கென்று சிறிது ஒதுக்கி வைப்பது (12:47, 48). கால அளவு, கையிருப்பு, செலவுக் கட்டுப்பாடு, இழப்பு நேராமல் காக்கும் வழி என்று இன்றைய திட்ட மேலாளரிடம் எதிர்பார்க்கப்படும் அனைத்தும் அதில் அடங்கியிருக்கின்றன. அதையும் அவர்கள் சிறையில் இருந்தபடியே, விடுதலையை நிபந்தனையாக வைக்காமல் எடுத்துச் சொன்னார்கள்.

விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன நபி

இதே வரலாற்றில் பலரும் விரைந்து கடந்துவிடும் ஓர் இடம் உண்டு. கனவின் விளக்கத்தைக் கேட்ட மன்னர், யூஸுஃபை அழைத்து வாருங்கள் என்று ஆள் அனுப்புகிறார். பல ஆண்டுகள் சிறையில் இருந்தவருக்குக் கதவு திறந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஓடி வந்திருப்பார்கள். அவர்களோ வந்தவரைத் திருப்பி அனுப்பினார்கள். கைகளை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் விஷயம் என்ன என்று மன்னரிடமே விசாரிக்கச் சொன்னார்கள் (12:50). விசாரணை நடந்து, அவர்கள் குற்றமற்றவர் என்பது வெளிப்பட்ட பிறகே அரசவைக்கு வந்தார்கள். பதவியைக் கேட்டதும் அதன் பிறகுதான்.

இன்று பெரிய நிறுவனங்கள் வேலை கொடுக்கும் முன்போ, கொடுத்த பின்போ பின்னணிச் சரிபார்ப்பு என்று ஒன்றைச் செய்கின்றன. பழைய நிறுவனத்தைத் தொடர்புகொள்கிறார்கள். பட்டச் சான்றிதழைப் பல்கலைக்கழகத்தில் சரிபார்க்கிறார்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பார்க்கிறார்கள். 2014ஆம் ஆண்டிலிருந்து வைப்பு நிதி உறுப்பினர்களுக்கு ஒரே நிரந்தர எண் வழங்கப்பட்டு வருகிறது. ஒருவர் எந்த நிறுவனத்தில் எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் விலகினார் என்பது அந்த எண்ணின் கீழ் பதிவாகியிருக்கும். இந்தச் சரிபார்ப்பு என்ற சொல்லைக் கேட்டாலே நம் இளைஞர்களில் சிலருக்கு உறக்கம் போய்விடுகிறது. யூஸுஃப் (அலை) அவர்களோ அதைத் தாமே கேட்டுப் பெற்றார்கள். மறைக்க எதுவும் இல்லாதவருக்கு விசாரணை ஒரு பாதுகாப்பு. அந்த நிம்மதியோடு நேர்காணலுக்குள் நுழைவதற்கு ஈடாக எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லை.

நனைந்த தானியமும் இரவல் ஆடையும்

இனி முதல் வகையினர். போலி அனுபவச் சான்றிதழ், தம் இடத்தில் வேறொருவரைப் பேச வைக்கும் இணைய நேர்காணல், பிறர் நடத்திய திட்டத்தைத் தமது என்று சொல்வது ஆகிய மூன்றும் இன்று பரவியுள்ளன. இவற்றுக்குத் தனியாகத் தடை வந்திருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு மூன்று ஹதீஸ்களை நினைவூட்டுகிறேன்.

கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி காரணம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இது முஸ்லிமில் உள்ளது. காய்ந்ததை மேலே பரப்பி நனைந்ததை உள்ளே மறைத்த சுயவிவரக் குறிப்பு எத்தனை பேர் கையில் இருக்கிறது!

தமக்குக் கொடுக்கப்படாத ஒன்றைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவர், பொய்யால் நெய்த இரண்டு ஆடைகளை அணிந்தவரைப் போன்றவர் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை அஸ்மா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இல்லாத அனுபவத்தை இதைவிடப் பொருத்தமாக வருணிக்க முடியுமா?

பெரும்பாவங்களை எண்ணிச் சொன்னபோது சாய்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று அபூபக்ரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அவர்கள் நிறுத்திவிடக் கூடாதா என்று தோழர்கள் எண்ணும் அளவுக்கு அது நீண்டது.

நேரடியாகப் பொய் சொல்லாமல், பொய்யான எண்ணத்தை மட்டும் கேட்பவர் மனத்தில் ஏற்படுத்தும் சாமர்த்தியமும் உண்டு. "இருபது கோடி ரூபாய் திட்டத்தில் பங்காற்றினேன்" என்பார். விசாரித்தால், அந்தத் திட்டத்தின் கூட்டக் குறிப்புகளை எழுதியிருப்பார். ஹதீஸ் கலையில் இதற்குப் பெயர் தத்லீஸ். ஆசிரியரிடம் நேரில் கேட்காததைக் கேட்டதுபோல் தோன்றும் சொல்லால் அறிவிப்பது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். ஆயினும் நம் இமாம்கள் அத்தகையவர்களைப் பெயர் பெயராகப் பட்டியலிட்டு, நேரில் கேட்டதாக அவர் தெளிவாகச் சொன்னாலன்றி அவருடைய அறிவிப்பை ஏற்கத் தயங்கினார்கள். நேர்காணல் செய்பவர் "அதில் நீங்கள் செய்தது என்ன?" என்று துருவித் துருவிக் கேட்பதும் அதற்காகத்தான்.

"அவ்வாறு பெற்ற வேலையின் சம்பளம் ஹலால்தான் என்று ஃபத்வா இருக்கிறதே" என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். வேலையைச் செய்யும் திறமை ஒருவரிடம் உண்மையிலேயே இருந்து, அதை முறையாகச் செய்தால் கூலி ஆகுமானது. பொய் சொன்ன பாவம் தனியே நிற்கும், அதற்கு தவ்பா செய்ய வேண்டும் என்று கூறிய அறிஞர்கள் உள்ளனர். ஆனால் அந்தத் தீர்ப்பு, ஏற்கனவே தவறிவிட்டு வருந்தி வருபவருக்குத் திறக்கப்பட்ட வாசல். அதை முன்கூட்டியே அனுமதிச் சீட்டாகக் கையில் எடுத்துக்கொண்டு பாவத்துக்குப் புறப்படுவது அல்லாஹ்வின் மன்னிப்போடு விளையாடுவதாகும்.

இதில் நாம் அதிகம் நினைத்துப் பார்க்காத இன்னொருவரும் இருக்கிறார். மூன்று ஆண்டு அனுபவத்தை மூன்று என்றே எழுதிவிட்டுத் தள்ளப்பட்ட யாரோ ஒரு பிள்ளை. நம் மகன் பொய்யால் ஏறிய படி, அந்தப் பிள்ளையின் தோள். மறுமையில் உரிமை கேட்டு வரப்போகிறவர் நிறுவனத்தின் முதலாளி மட்டும் அல்லர்.

பெயரைப் பார்த்தே தள்ளுகிறார்களே

ஒரு தந்தை என்னிடம் கோபத்தோடு கேட்டார்: "நம் பெயரைப் பார்த்தாலே ஒதுக்குகிறவர்களிடம் நாம் மட்டும் ஏன் உண்மையாக இருக்க வேண்டும்?" இந்தக் கோபத்தைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு அறிஞர்கள் செய்த ஆய்வொன்று 2007ஆம் ஆண்டு வெளியானது. ஒரே தரமான தகுதிகளைக் கொண்ட விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர் சாதி இந்துப் பெயர்களைவிட முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவு என்று அதில் தெரியவந்தது. 2006இல் அளிக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கையும் நம் சமுதாயம் வேலைவாய்ப்பில் பின்தங்கியிருப்பதை ஆவணப்படுத்தியது. தமிழ்நாட்டில் 2007 முதல் நமக்குக் கிடைத்துள்ள 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு கல்வி நிலையங்களுக்கும் அரசுப் பணிகளுக்கும் உரியது. தனியார் நிறுவன வேலைகளுக்கு அது செல்லாது.

ஆகவே தடை இருக்கிறது. அதை எதிர்த்துப் பேச வேண்டும், எழுத வேண்டும். ஆனால் அநீதிக்கு மருந்தாகப் பொய்யைக் கையிலெடுத்தால் என்ன நேரும்? பிடிபடும் ஒவ்வொரு போலிச் சான்றிதழும் ஒதுக்க நினைப்பவருக்கு ஒரு சாக்கு. அடுத்து அந்த வாசலில் நிற்கப் போகும் அப்துல் காதருக்கும் ஃபாத்திமாவுக்கும் நாமே கதவை மூடியவர்களாவோம். ஒரு சமூகத்தார் மீது உள்ள வெறுப்பு, நீதி தவறும்படி உங்களைத் தூண்டிவிட வேண்டாம் என்ற கட்டளை (5:8) நம்மை வெறுப்பவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியது என்பதை மறக்க வேண்டாம்.

அதோடு, தேர்வாகாத ஒவ்வொரு தடவையும் பெயரையே காரணமாகச் சொல்வதும் நியாயமாகாது. பெரிய நிறுவனங்களில் ஓர் இடத்துக்கு எத்தனையோ பேர் போட்டியிடுகிறார்கள். எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் தள்ளப்படுகிறார்கள். பெயரைக் காரணமாகச் சொல்லிப் பழகிய பிள்ளை, அடுத்த நேர்காணலுக்குத் தயாராவதையே விட்டுவிடுகிறது.

குறையைக் கேட்டால் என்ன சொல்வது?

"உங்கள் பலவீனம் என்ன?" என்ற கேள்விக்கு, "நான் அளவுக்கு மீறி உழைப்பேன்" என்று சொல்லும்படி பயிற்சி வகுப்புகளில் கற்றுக்கொடுக்கிறார்களாம். கேட்பவருக்கும் அது பொய் என்று தெரியும், சொல்பவருக்கும் தெரியும்.

நபி மூஸா (அலை) அவர்களை ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு அல்லாஹ் பணித்தபோது, அவர்கள் தம் நிலைமையை மறைக்கவில்லை. அவர்களில் ஒருவரைக் கொன்றிருப்பதையும், அதனால் தமக்குள்ள அச்சத்தையும் சொன்னார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடியவர் தம் சகோதரர் ஹாரூன் என்று சொல்லி, அவரைத் துணையாக அனுப்பும்படி வேண்டினார்கள் (28:33, 34). குறை என்ன, அதை நிரப்ப என்ன தேவை என்பது இரண்டும் ஒரே வேண்டுதலில் அடங்கிவிட்டன. நேர்காணலில் இந்தக் கேள்விக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டல் இல்லை. "கணக்குத் தாள்களில் நான் மெதுவானவன், ஆகவே அதில் தேர்ந்தவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே அனுப்புவேன்" என்று சொல்லும் பிள்ளையை நம்பலாம் என்றுதான் அனுபவமுள்ள மேலாளர் நினைப்பார்.

அதே மூஸா (அலை) அவர்களுக்கு மத்யனில் வேலை கிடைத்ததும் நினைவுகூரத் தக்கது. சான்றிதழ் ஏதும் இல்லாமல், அறியாத ஊரில், கூலி எதிர்பாராமல் இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள். அதைக் கண்ட பெண்களில் ஒருவர், வேலைக்கு அமர்த்தச் சிறந்தவர் வலிமையும் நம்பகமும் உள்ளவரே என்று தந்தையிடம் சொன்னார் (28:26). திறமை, அமானிதம் ஆகிய இரண்டு சொற்களில் உலகத்தின் ஆள்சேர்ப்பு நூல்கள் அனைத்தும் அடங்கிவிடும். திட்ட மேலாண்மைக்குச் சான்றிதழ் வழங்கும் பி.எம்.ஐ. என்ற அமைப்பு 1969இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதன் நெறிமுறை நான்கு பண்புகளை அடிப்படையாகக் கொண்டது: பொறுப்புணர்வு, மரியாதை, நேர்மை தவறாத நடுநிலை, வாய்மை. அதன் பி.எம்.பி. தேர்வுக்கு விண்ணப்பிப்பவர்களில் சிலரைத் தெரிவுசெய்து, அவர்கள் எழுதிய அனுபவத்துக்கு ஆதாரம் கேட்டுத் தணிக்கையும் செய்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மக்தபில் அஸர் தொழுகைக்குப் பின் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவர்கள் தேர்வுக் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத் தருகிறார்கள்.

குடும்பம் செய்ய வேண்டியது

அனுபவம் குறைவாக உள்ள பிள்ளை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. பொய்யான இரண்டு ஆண்டைத் தேடும் நாம், கண்ணெதிரே உள்ள உண்மையான அனுபவத்தைக் காண்பதில்லை. நம் மஹல்லாக்களில் ரமளான் முழுவதும் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். அரசு தரும் அரிசி வந்து சேரும் நாள், தினமும் எத்தனை பேருக்கு என்ற கணக்கு, அஸருக்குள் கஞ்சி இறக்கியாக வேண்டிய கட்டாயம், பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களும் சிறுவர்களும், சமையற்காரர் வராத நாளுக்கு மாற்று ஏற்பாடு, கடைசியில் ஜமாஅத்துக்குக் கணக்கு ஒப்படைப்பு. முப்பது நாளும் தவறாமல் இதை நடத்திய இளைஞன் காலம், செலவு, மனிதர், இடர்ப்பாடு ஆகிய நான்கையும் கையாண்டிருக்கிறான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், கொரோனா காலத்திலும் நம் இளைஞர்கள் ஆற்றிய நிவாரணப் பணிகளும் இத்தகையவையே. இவற்றைத் தொண்டுப் பணி என்ற தலைப்பின் கீழ், உள்ளபடி எழுதலாம். சம்பள வேலையாக உருமாற்றி எழுதினால் அதுவும் நனைந்த தானியமாகிவிடும். மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர் மூன்று ஆண்டுக்குரிய பணிக்கு விண்ணப்பிப்பதில் இழிவு ஒன்றும் இல்லை.

நேர்காணலுக்குச் செல்லும் பிள்ளைக்கு வீட்டார் சில செய்திகளைத் தெளிவுபடுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் அழைப்பு வந்தால், முன்கூட்டியே பணிவாக எழுதி நேரத்தை மாற்றக் கேட்கலாம். கேட்காமலேயே ஜும்ஆவை விட்டுவிட்டு, "வழியில்லை" என்று சொல்வது பொருந்தாது. கை குலுக்குவதைத் தவிர்க்க விரும்பும் நம் பெண்மக்களும் ஆண்மக்களும் நெஞ்சில் கை வைத்து, புன்னகையோடு வணக்கம் தெரிவிக்கலாம். எந்தத் திட்டத்தில் அமர்த்துவீர்கள் என்று நேர்காணலின் முடிவில் கேட்டறிய வேண்டும். வட்டிக் கடனைச் சார்ந்த பணி என்றால், ஒப்புக்கொள்ளும் முன் விவரம் அறிந்த ஆலிம்களிடம் மஷூரா செய்ய வேண்டும். புறப்படும் முன் இஸ்திகாரா தொழ வேண்டும். குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுத் தருவதைப் போல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கற்றுத் தந்த தொழுகை அது என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்வாகாமல் திரும்பும் பிள்ளையை வீடு எப்படி வரவேற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். "மாமா மகனுக்குக் கிடைத்துவிட்டதே" என்ற ஒரு சொல் போதும், அடுத்த தடவை அவனைப் போலிச் சான்றிதழ் விற்பவரிடம் அனுப்புவதற்கு. பிள்ளைகளைப் பொய்க்குத் தள்ளுவது பல நேரங்களில் நிறுவனத்தின் நிபந்தனையைவிட வீட்டின் ஏளனமே. பெண் பார்க்கும் இடத்தில் பதவியின் பெயரைக் கேட்டு எடைபோடும் வழக்கமும் இந்தப் பாவத்தில் பங்கு கொள்கிறது.

அபூதர் (ரலி) அவர்கள் ஒரு பொறுப்பைக் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களுடைய தோளில் தட்டி, அவர்கள் பலவீனமானவர் என்றும் அது ஓர் அமானிதம் என்றும் சொல்லி மறுத்தார்கள் (முஸ்லிம்). அபூதர் (ரலி) அவர்களின் சிறப்பில் இதனால் அணுவளவும் குறையவில்லை. உம்மத்து இன்றுவரை அவர்களை நேசிக்கிறது. ஒரு பதவிக்கு ஒருவர் பொருந்தவில்லை என்பது அவருடைய மதிப்பைப் பற்றிய தீர்ப்பு அன்று. இதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவர் தாயும் தந்தையும்தான். அந்தத் தோளில் அன்போடு ஒரு கை விழட்டும். மறுநாள் காலை அவன் மறுபடி விண்ணப்பம் எழுத உட்காருவான். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவைகளை நபி (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உவமையாகச் சொன்னார்கள். அந்தப் பறவையும் கூட்டை விட்டுப் பறந்துதான் ஆக வேண்டும்.

ரிஸ்கை அளப்பவன் அல்லாஹ். நேர்காணல் அறையில் கேட்பவர் யாராக இருந்தாலும், கேட்டுக்கொண்டிருப்பவன் அவன். நம் பிள்ளைகள் அங்கே சொல்லும் ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவும், அவர்கள் பெறும் ஒவ்வொரு ரூபாயும் தூய்மையாகவும், அவர்கள் ஏற்கும் ஒவ்வொரு பொறுப்பும் நிறைவேற்றப்பட்ட அமானிதமாகவும் ஆக வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.